எனக்குத் தராமல் விட்ட பக்கம்

எட்டு வருடங்களாக ஒரே நரம்பியல் மருத்துவரிடம் போய்வந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அவர் என் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டுவார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார், தரையில் ஒட்டியிருக்கும் கோட்டின் மேல் நடக்கச் சொல்வார். சிறுநீரை அடக்க முடிகிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, ஞாபகமறதி உண்டா என்றெல்லாம் கேட்பார். ஒன்றை மட்டும் அவர் கேட்டதில்லை. அதை என்னிடம் கேட்கத் தேவையில்லை என்று வேறு யாரோ எனக்காக முடிவெடுத்திருந்தார்கள் என்பது ஒன்பதாவது வருடத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. இப்போது எழுதும்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயலவும் இல்லை.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றிரண்டில் எனக்கு முப்பத்துமூன்று வயது. பரமட்டாவுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வில்லையை விளக்கின் முன் பிடித்து, கீறல் இருக்கிறதா, குமிழி இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலையில் கையில் எடுத்த வில்லையெல்லாம் புகை படிந்தது போல் இருந்தது. ஒரு தட்டு முழுவதையும் பழுது என்று ஒதுக்கி வைத்தேன். மேற்பார்வை செய்யும் பெண் வந்து பார்த்துவிட்டு, வில்லைகளில் ஒன்றும் இல்லையே என்றார். பழுது என் இடது கண்ணில் இருந்தது.

கண் ஆறு வாரத்தில் தெளிந்தது. அடுத்த வருடம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. ஸ்கான் எடுத்தார்கள், முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்றார்கள். எல்லோரும் அதை எம்.எஸ். என்றுதான் சொல்வார்கள். மின்கம்பியின் மேலுறை அங்கங்கே உரிந்துவிட்டால் மின்சாரம் ஒழுங்காகப் போகாதல்லவா, மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்புகளுக்கு அப்படித்தான் நடக்கிறது என்று அந்த மருத்துவர் விளக்கினார். பார்வைக்கு உரியவை, நடைக்கு உரியவை, சிறுநீர்ப்பைக்கு உரியவை என்று மூன்று விரல்களை மடக்கிக் காட்டினார். நான்காவது விரலை அவர் மடக்கவில்லை.

நடை திரும்பி வந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு மட்டும் ஒழுங்காகத் திரும்பவில்லை. கணவர் தொட்டால், சில இடங்களில் தடித்த போர்வைக்கு மேலால் தொடுவது போல் இருந்தது. சில இடங்களில், முக்கியமாக உள்தொடையில், வெயிலில் எரிந்த தோலை உரசுவது போல் எரிந்தது. ஈரம் வரவில்லை, அதனால் நோவு. திடீரென்று தசை இறுகி, முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிறுநீர் கசிந்துவிடுமோ என்ற பயம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்பம் என்று நான் அறிந்திருந்த ஒன்று வராமல் போயிற்று. தும்மல் வரப்போகிறது என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு காத்திருக்க, அது வராமலே போவதைப் போல. எனக்கு அந்த இன்பம் இருந்தது, நான் அதை விரும்பினேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. இரண்டு கால் இருந்தது, அதில் ஒன்று இழுக்கிறது என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதுவும் அதே நோயால் வருவதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே நான் என்னையே குறைசொன்னேன்.

என் கணவர் ரயிலில் கார்ட் வேலை பார்த்தவர். அதிகம் பேசாதவர். நான் விலகிப் படுக்கத் தொடங்கியதும் சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, அதிகாலை ஷிப்டுக்கு எழும்பும்போது என் நித்திரை குழம்பும் என்று சொல்லி, முன்பக்கத்துச் சின்ன அறைக்குப் போய்விட்டார். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. அப்பாவுக்குத் தனி அறை ஏன் என்று அவள் கேட்டபோது, “அப்பாவுக்கு வேலை” என்றேன்.

ஒருமுறை வாய் திறந்தேன். வென்ட்வேர்த்வில்லில் எங்கள் குடும்ப டொக்டர் தமிழர், வயதில் மூத்தவர். மகளுக்குத் தடிமனும் இருமலும் என்று போன இடத்தில், அவளை வெளியே இருக்கவிட்டு, “டொக்டர், எனக்கும் அவருக்கும் இப்ப முந்தி மாதிரி இல்லை” என்றேன்.

அவர் பேனையை வைக்காமலே, “பிள்ளையொண்டு இருக்குதுதானே. இனி உம்மட உடம்பைப் பாரும்” என்றார். நான் எழும்பவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதித் தந்தார். அதைப் பல வருடங்கள் குடித்தேன். அந்த மாத்திரை பற்றி எனக்குச் சொல்லாமல் விட்ட விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

எம்.எஸ். உள்ளவர்கள் மாதத்துக்கு ஒருமுறை நார்த்மீட்டில் ஒரு மண்டபத்தில் கூடுவோம். தேநீர், பிஸ்கட், புது மருந்துகளைப் பற்றிய பேச்சு. நான் ஒருத்திதான் தமிழ். இரண்டாயிரத்தொன்றாம் வருடம், ஊன்றுகோலோடு வரும் ஒரு வெள்ளைக்காரர், முன்னர் பஸ் ஓட்டியவர், கிட்டத்தில் இருந்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் படுக்கையில் இருந்த பிரச்சினைக்கு மருத்துவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். முதல் சந்திப்பிலேயே கேட்டாராம், எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையாம்.

எந்த மருத்துவர் என்று கேட்டேன். என்னுடைய மருத்துவர்தான்.

“அவர் உங்களிடம் தானாகவே கேட்டாரா?”

“ஆமாம். வருடத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்களே, அதில் கடைசிப் பக்கம் முழுக்க அதுதானே.”

“என் படிவத்தில் அப்படி ஒரு பக்கம் இல்லை,” என்றேன். என்னுடையது நான்கு பக்கம். அவருடையது ஐந்து பக்கமாம்.

அடுத்த கிழமையே வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். படிவங்களைக் கொடுக்கும் நர்ஸ் என்னை நன்றாகத் தெரிந்தவர். மகளின் பரீட்சையைப் பற்றியெல்லாம் விசாரிப்பவர். அவரிடம் ஐந்தாம் பக்கம் எங்கே என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. மெதுவான குரலில், சில சமூகங்களின் பெண்களுக்குக் கொடுக்கும்போது அந்தத் தாளைக் கழற்றி எடுத்துவிடுவோம், மனம் புண்படக்கூடாது என்பதற்காக என்றார்.

“எங்கள் பெண்கள் யாராவது அப்படிக் கேட்டார்களா?”

“இல்லை. நாங்களாகவேதான். மரியாதைக்காக.”

“எட்டு வருடமாக என் மலம் எப்படிப் போகிறது என்று கேட்கிறீர்கள். அதில் புண்படாத மனமா எனக்கு இதில் புண்படப் போகிறது?”

நான் கை நீட்டினேன். தாளைத் தந்தார். அந்த மேசையிலேயே நின்றபடி வாசித்தேன். பிறப்புறுப்பில் உணர்வு குறைந்துள்ளதா. நோவு உண்டா. வறட்சி உண்டா. உச்ச இன்பம் அடைவது கடினமாக உள்ளதா. இவற்றால் உங்கள் உறவு பாதிக்கப்பட்டுள்ளதா. எனக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்த எல்லாமே அங்கே அச்சில் இருந்தது. அச்சடிக்கும் அளவுக்குப் பொதுவான தொல்லை. ஒரு சாதாரண தாள். அதை என்னிடமிருந்து கழற்றி எடுத்தவர்கள் நல்லவர்கள், என்னை மதித்தவர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவர்கள் செய்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

நிரப்பிக் கொடுத்தேன். வெறும் தாள் இன்னொன்று கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கணவர் குசினி மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் வைத்து, “இதை வாசியுங்கோ” என்றேன். ரயில் அட்டவணை வாசிப்பது போல் வரிவரியாக வாசித்தார். முடித்ததும் மறுபடியும் மேலிருந்து தொடங்கினார்.

“இதெல்லாம் இந்த எம்.எஸ். வருத்தத்தாலயோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“எவ்வளவு காலமா?”

“தொடக்கத்திலயிருந்து.”

கோப்பையைத் தள்ளி வைத்தார். “உமக்கு என்னைப் பிடிக்காமல் போச்செண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்,” என்றார்.

“நீங்கள் கேட்டிருக்கலாமே.”

“அங்கிள் கேக்க வேண்டாமெண்டவர்.”

எந்த அங்கிள் என்றேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வரும் பெரியவர் ஒருவர். என் நோயைக் கேள்விப்பட்டு, கோயில் வாசலில் கணவரைத் தனியே கூப்பிட்டு, “அந்தப் பிள்ளை வருத்தக்காரி, அவளைக் கரைச்சல்படுத்தாதையும்” என்று புத்தி சொல்லியிருக்கிறார். என் கணவரும் அதை ஒரு நல்ல கணவனின் கடமையாக எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குப் போயிருக்கிறார்.

தாளை அவர் முன்னாலிருந்து இழுத்து எடுத்தேன். “என்ர உடம்பைப் பற்றி கோயில் வாசலில நிண்டு கதைச்சனீங்கள். என்னோட கதைக்கேல்ல.”

“பிழைதான்,” என்றார். “எனக்கு என்ன கேக்கிறதெண்டும் தெரியேல்ல.”

அன்று நாங்கள் சமாதானமாகவில்லை. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள், அடுத்த சந்திப்புக்கு என்னோடு வர லீவு எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

அந்தச் சந்திப்புக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. விஷயம் நுட்பமானது என்பதால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருப்பதாக எழுதியிருந்தார்கள். குடியேறிய இந்த நாட்டில் பதினைந்து வருடம் ஆங்கிலத்தில் வேலை செய்தவள் நான். எட்டு வருடமாக அந்த மருத்துவரோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசியவள். படுக்கையைப் பற்றிப் பேச வாய் திறந்ததும் என் ஆங்கிலம் அவர்களுக்குப் போதாமல் போய்விட்டது. தொலைபேசியில் வேண்டாம் என்று சொன்னேன். ஏற்பாடு செய்தாயிற்று, மாற்ற முடியாது என்றார்கள்.

அறைக்குள் போனால், கதிரையில் இருந்தவர் எங்கள் தமிழ்ப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்கும் அக்கா. மாதத்துக்கு ஒருமுறை பூசையின் நடுவில் என்னோடு கைகொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்பவர். அவருக்கும் அதிர்ச்சி. என் கணவர் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

மருத்துவர், நான் நிரப்பிய தாளை முன்னால் வைத்துக்கொண்டு, நல்ல விதமாகத்தான் தொடங்கினார். தவறு நடந்துவிட்டது, வருந்துகிறேன் என்றார். பிறகு கேட்டார்: “உடலுறவின்போது நோவு இருக்கிறதா? உச்சம் அடைய முடிகிறதா?”

அக்கா என் பக்கம் திரும்பினார். “குடும்ப வாழ்க்கையில ஏதும் களைப்பு இருக்கோ எண்டு கேக்கிறார்.”

“அவர் அதைக் கேக்கேல்ல, அக்கா,” என்றேன்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். நான் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கே உணர்வு இல்லை, எங்கே எரிகிறது, எது வருவதில்லை, எத்தனை வருடமாக. ஒன்றையும் விடவில்லை. குரல் ஒருமுறை உடைந்தது, அது துக்கத்தால் அல்ல.

மருத்துவர் எழுதிக்கொண்டே, மனச்சோர்வு மாத்திரையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். “அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வகை மாத்திரைகள் உச்சத்தைத் தடுப்பது வழக்கம்தான்,” என்றார். வழக்கம்தானாம். இல்லாத இன்பத்துக்காக அழுதேன், அழுகைக்கு மாத்திரை தந்தார்கள், மிச்சமிருந்ததை மாத்திரை அடைத்தது. இதை ஆண்டுக்கணக்காகக் குடித்தேன், இரண்டு மருத்துவர்களும் அதன் பெயரைத் தங்கள் கோப்புகளில் எழுதி வைத்திருந்தார்கள்.

அப்போது என் கணவர் படத்திலிருந்து திரும்பினார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிடத் தட்டுத்தடுமாறும். “நீங்கள் என் மனைவியைக் கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டிருக்கலாம். ஒருவரையும் கேட்கவில்லை,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த இடத்தில் நான் அவரை மன்னித்தேன், முழுவதும் அல்ல, பெரும்பகுதியை.

மருத்துவர் மாத்திரையை மாற்ற ஏற்பாடு செய்துவிட்டு, நடைவழியின் கடைசி அறையில் இருந்த ஒரு நர்ஸிடம் எங்களை அனுப்பினார். சிறுநீர்த் தொல்லைகளைப் பார்ப்பவர். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்த, குட்டையான, பலத்த குரலுள்ள பெண். எட்டு வருடமாக அவர் அந்த அறையில்தான் இருந்திருக்கிறார். நாற்பது அடி தூரத்தில்.

அவர் சமையல் குறிப்புச் சொல்வது போல் சொன்னார். முதலில் ஆசையை மறந்துவிட்டு, இருவரும் நேரம் எடுத்து உடம்பு முழுவதையும் தொட்டுப் பாருங்கள். எங்கே நன்றாக உணர்கிறது, எங்கே எரிகிறது, எங்கே ஒன்றுமே இல்லை என்று ஒரு வரைபடம் போல் பழகிக்கொள்ளுங்கள். எரியும் இடத்தில் மெல்லத் தடவாமல் அழுத்திப் பிடித்தால் சிலருக்குச் சரியாகும். நீர்த்தன்மையுள்ள ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், வெட்கப்படாமல் வாங்குங்கள். தொடங்குமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். பின்னேரத்தில் களைப்பு ஏறும், ஆகவே காலை நேரம் நல்லது. சூடு எம்.எஸ்ஸுக்கு எதிரி, அறையைக் குளிராக வைத்திருங்கள். மரத்த இடத்துக்கு அதிர்வு உதவும், அதற்குக் கருவிகள் இருக்கின்றன, கடைகள் இருக்கின்றன. கடைசியில் சொன்னதற்கு என் கணவர் தலையசைத்த விதம், ரயில் சிக்னலுக்குத் தலையசைப்பது போல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரிக்குள் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அக்கா காத்துக்கொண்டு நின்றார். கணவர் காரை எடுக்கப் போனார்.

“தங்கச்சி, நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். சத்தியம் பண்ணித்தான் இந்த வேலைக்கு வந்தனான்,” என்றார்.

“அது எனக்குத் தெரியும், அக்கா.”

அவர் போகவில்லை. “பத்து வருசத்துக்கு மேல இந்த வேலை செய்யிறன். எங்கட பொம்பிளையள் எத்தனையோ பேர் இதைச் சொல்லியிருக்கினம். கீழை நோகுது, அவரோட இருக்கேலாமல் கிடக்கு எண்டு. நான் டொக்டருக்குக் களைப்பெண்டு சொல்லிப்போட்டு விட்டிருக்கிறன்.”

“ஏன்?”

“வாயில வரேல்ல. அவையளின்ர மானத்தைக் காப்பாத்திறன் எண்டு நினைச்சன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. ஆறுதல் சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. “அவையள் எவ்வளவு கஷ்டப்பட்டு அதைச் சொல்லியிருப்பினம் எண்டு யோசிச்சனீங்களோ?” என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். கார் வந்தது, ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு கோயிலில் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நானும் அந்த அங்கிளுக்குக் கை கொடுப்பதை விட்டுவிட்டேன்.

முன்பு போல் ஆனதா என்றால், ஆகவில்லை. உரிந்த நரம்பு உரிந்ததுதான். மாத்திரை மாற்றிச் சில மாதங்களில், தும்மல் எப்போதாவது வந்தது. என் உடம்பில் முழங்கை மடிப்பிலும் பிடரியிலும் இவ்வளவு உணர்வு இருந்ததை நாற்பத்திரண்டு வயதில் கண்டுபிடித்தேன். கணவர் சின்ன அறையிலிருந்த தன் தலையணையை ஒருநாள் காலையில் எடுத்துக்கொண்டு வந்தார். சரிவராத நாட்களில் எழும்பி முட்டை பொரிப்போம். ஆனால் இழந்த எட்டு வருடம் எங்கள் நல்ல வயது. அதை யாரும் திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது.

ஐந்தாறு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை தொலைபேசி வந்தது. குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து ஓர் இளம் பெண். எம்.எஸ். என்று சொல்லி ஒரு வருடம். என் எண்ணை யார் தந்தது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க வந்த அன்ரி என்றாள். என்னைக் கேட்காமல், செய்த சத்தியத்தையும் மீறி, என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பெண் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டாள்.

“அன்ரி, எனக்கில்லை. என்ர சினேகிதி ஒருத்திக்கு ஒரு பிரச்சினை.”

“சொல்லும். உம்மட சினேகிதிக்கு எங்கை நோகுது?”

ஒரு மணித்தியாலம் பேசினோம். பாதியில் சினேகிதி காணாமல் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு மத்தியானம் அவளே வீட்டுக்கு வந்தாள். அவளுடைய கணவன் காரில் கொண்டுவந்து விட்டான், இறங்கி உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டான். யன்னலால் பார்த்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வெளியே போனார். மற்றக் கதவைத் திறந்து அவனுக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். முக்கால் மணித்தியாலம் இருவரும் அதற்குள் இருந்தார்கள். என்ன கதைத்தீர்கள் என்று பிறகு பலமுறை கேட்டுப் பார்த்தேன். அவர் இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பெண் புறப்பட்டபோது அவன் காரிலிருந்து இறங்கி வந்து, வெறும் கோப்பைகளை என் கையில் தந்தான்.